ஆடியில் முளைத்த இறகு

கும்பகோணத்தில் ஒரு மொட்டை மாடி. மார்கழிப் பனி விலகி, வெயில் அப்போதுதான் கைப்பிடிச் சுவரில் ஏறியிருந்தது. மாடியில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் புறாக் கூண்டுக்குள் கையை விட்டு, வெள்ளை மயில்புறா ஒன்றை நண்பர் வெளியே எடுத்தார். பகல் முழுக்கப் பாத்திரக் கடையில் நிற்பவர். விடியலும் அந்தியும் மட்டும் புறாக்களுக்கு. புறா ஷோவுக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. அந்தப் பதினைந்து நாளில் பறவையை எப்படித் தயார்செய்வார் என்று பார்க்கத்தான் போயிருந்தேன்.

“இனிமே பண்ண என்னண்ணே இருக்கு? பண்ண வேண்டியதெல்லாம் ஆடி, ஆவணியிலயே முடிஞ்சுபோச்சு.”

சொல்லிவிட்டு, புறாவின் ஒரு சிறகை விரித்து வெயிலுக்கு நேரே பிடித்தார். வெளிச்சம் ஊடுருவிய வெள்ளை இறகில், நுனியிலிருந்து இரண்டு விரற்கடை கீழே, குறுக்காக ஒரு மெல்லிய கோடு. கண்ணாடியில் விழுந்த கீறல் மாதிரி. அதை அடுத்த இறகிலும் கோடு இருந்தது. ஆனால் அங்கே நுனிக்கு மிக அருகில்.

“இது பூனை வந்த ராத்திரி” என்றார்.

அவர் கதை சொல்லவில்லை. இறகு அப்படித்தான் வேலை செய்கிறது. நம் நகத்தைப்போல, தலைமயிரைப்போல, இறகும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. தோலில் உள்ள குழியிலிருந்து அது குருத்தாகக் கிளம்பும்போது உள்ளே இரத்தம் ஓடும். நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் நீளும். முழு நீளம் வந்ததும் இரத்தம் வற்றி, காம்பு உலர்ந்து, இறகு உயிரற்ற பொருளாகிவிடும். அதன்பிறகு அதைத் திருத்த உடம்பால் முடியாது. முளைக்கும் நாட்களில் பறவை மிரண்டாலோ, ஒருநாள் பட்டினி கிடந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, அந்த வேளையில் உருவான மெல்லிய பட்டையில் நுண்ணிழைகள் சரியாக அமையாமல் போகும். அதுதான் அந்தக் கோடு. முதலில் முளைத்த இறகு பூனை வந்த இரவில் ஓரளவு வளர்ந்திருந்தது. அதனால் கோடு நுனியிலிருந்து தள்ளி விழுந்தது. அடுத்த இறகு அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. அதனால் நுனியிலேயே விழுந்தது.

இதைவிட நுட்பமான கணக்கும் இறகில் உண்டு. நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பல இறகுகளில் ஒளிர்வும் மங்கலுமாக மாறி மாறிப் பட்டைகள் தெரியும். ஓர் ஒளிர்பட்டையும் ஒரு மங்கல் பட்டையும் சேர்ந்தால் ஒரு பகலும் ஓர் இரவும். அமெரிக்கப் பறவையியலாளர் தாமஸ் கிரப் 1989இல் இந்தப் பட்டைகளை அளந்து, பறவை எந்தக் காலத்தில் நன்றாகச் சாப்பிட்டது, எப்போது இளைத்தது என்று கணக்கிடும் முறை ஒன்றை வகுத்தார். பட்டை அகலமாக இருந்தால் அன்று வயிறார உண்டது, குறுகினால் அரைவயிறு. காட்டுப் பறவையை ஆராய்பவருக்கு அது தரவு. ஷோவில் நடுவராக நிற்பவருக்கு அதுவே மதிப்பெண். புறாக்காரர்கள் ‘கண்டிஷன்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும் விஷயத்தில் முக்கால் பங்கு, நடுவர் பறவையைக் கையில் எடுப்பதற்கு நாலைந்து மாதம் முன்பே எழுதி முடிக்கப்பட்டிருக்கிறது.

ஆண்டுக்கொருமுறை புறா தன் இறகுகளை மாற்றிக்கொள்கிறது. சிறகின் வெளிப்பகுதியில் உள்ள பத்துப் பெரிய இறகுகளில், உடலை ஒட்டிய முதல் இறகு முதலில் விழும். அது ஓரளவு வளர்ந்த பிறகு இரண்டாவது விழும். இப்படி உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக, ஆறு மாதம்வரை இழுத்துக்கொண்டு போகும். ஒரேயடியாகக் கொட்டிவிட்டால் பறக்க முடியாதே! சிறகிறகு பாதி மாறும் சமயத்தில் கழுத்து, மார்பு, முதுகில் உள்ள சின்ன இறகுகளும் சேர்ந்து கொட்டத் தொடங்கும். கூண்டுத் தரையில் பஞ்சு பஞ்சாகக் கிடக்கும். பறவை பார்க்கச் சகிக்காது. பரிசு வாங்கப்போகும் புறா எது என்று முடிவாகிற பருவம் அந்த அழகற்ற பருவம்தான்.

இங்கிலாந்துப் புறாப் புத்தகங்களைப் படித்து நம்மூரில் வளர்ப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில். லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறக்குறைய எட்டே முக்கால் மணி நேர வித்தியாசம் உண்டு. கும்பகோணம் நிலநடுக்கோட்டிலிருந்து பதினோரு பாகை வடக்கே இருக்கிறது. இங்கே அந்த வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். பகல் குறையும் அடையாளத்தை வைத்து ‘இனி முட்டை போதும், இறகை மாற்று’ என்று உடம்புக்குக் கட்டளை போவது குளிர்நாடுகளில் கூர்மையாக நடக்கும். இங்கே அந்தச் சைகை மெலிது. புறா பாட்டுக்கு ஆண்டு முழுக்க இரண்டிரண்டு முட்டையாக இட்டுக்கொண்டே போகும். அதனால் நிறுத்தவேண்டிய வேலை வளர்ப்பவருடையது. ஆனி முடிவில் நண்பர் ஜோடிகளைப் பிரித்துவிடுவார்: ஆண் ஒரு அறை, பெண் ஒரு அறை.

இது ஏதோ கண்டிப்பு என்று நினைக்க வேண்டாம். முழுக்கப் புரதக் கணக்கு. புறாவில் தாய், தகப்பன் இரண்டுமே குஞ்சுக்குப் பால் கொடுக்கும். தொண்டைப்பையின் உட்சுவரிலிருந்து உரிந்து வரும், தயிர்க்கட்டி போன்ற பொருள் அது. அதைச் சுரக்கச் செய்வது புரோலாக்டின். மனிதத் தாயிடம் பால் சுரக்க வைக்கும் அதே ஹார்மோன். புறாப்பாலின் உலர்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். இறகிலோ பத்தில் ஒன்பது பங்கு புரதம். பறவையின் உடலில் இருக்கும் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழக் கால்வாசி இறகாகவே இருக்கிறது. குஞ்சுக்குப் பாலும் ஊட்டி, தனக்குப் புது உடையும் தைத்துக்கொள் என்றால் ஒன்று குறையத்தான் செய்யும். குறைவது பெரும்பாலும் உடை.

புரதம் என்று பொதுவாகச் சொல்வதும் போதாது. கெரட்டினை இறுக்கமாகப் பிணைப்பது கந்தகம். கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் சிஸ்டீன், மெத்தியோனின். தானியங்களில் புரதம் குறைவு: நெல்லில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு, கம்பில் பத்துப் பதினொன்று. ஆனால் இருக்கிற புரதத்தில் மெத்தியோனின் பரவாயில்லை, லைசின் போதாது. பயறு வகைகளில் புரதம் நூற்றுக்கு இருபதுக்கு மேல், லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. ஒன்றில் இல்லாததை மற்றது நிரப்பும். இட்லிக்கு அரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்த நம் பாட்டிமார் அமினோ அமிலம் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் கணக்கு அதேதான்.

காவிரிப் படுகையில் இந்தக் கணக்கு வயலிலேயே நடக்கிறது. சம்பா அறுப்புக்குச் சில நாள் முன்பு, நிற்கும் பயிருக்கு நடுவே ஈரத்தில் உளுந்தும் பச்சைப்பயறும் விதைத்துவிடுவார்கள். நெல் அறுத்த தாளுக்கு இடையே பயறு தலைதூக்கும். தை, மாசியில் நெல். பங்குனி, சித்திரையில் பயறு. கோபுரங்களில் குடியிருக்கும் மாடப்புறாக்கள் களத்துமேட்டிலும் வயலிலும் இரண்டையும் பொறுக்கித் தின்கின்றன. கூண்டுப் புறாவுக்கு நண்பர் கலக்கும் தீனியிலும் அடிப்படை அதுவே: கம்பு, சோளம், கொஞ்சம் நெல், பச்சைப்பயறு, கொண்டைக்கடலை. இறகு கொட்டும் மாதங்களில் மட்டும் ஒருபிடி எள். எள்ளைச் சனிக்கிழமைக் காகத்துக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: மெத்தியோனின் நிறைந்த விதைகளில் அது முன்வரிசையில் இருக்கிறது. எண்ணெய்ச்சத்தும் உண்டு. அளவு மிஞ்சினால் பறவை கொழுத்துவிடும். அதனால்தான் ஒரு பிடி.

இவற்றோடு செங்கல் தூள், கிளிஞ்சல் பொடி, உப்பு கலந்த ஒரு சட்டி. புறாவுக்குப் பல் கிடையாது. தானியத்தை அரைப்பது இரைப்பையில் கிடக்கும் கல். கிளிஞ்சலில் சுண்ணாம்புச்சத்து.

தீனியால் ஆகாத காரியமும் உண்டு. சாமந்தி இதழோ காரட்டோ கொடுத்தால் சிவப்புப் புறா இன்னும் சிவக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். பூநாரைக்கும் கேனரிக்கும் அது பலிக்கும். அவற்றின் நிறம் தீனியில் வரும் கரோட்டினாய்டு. புறாவின் இறகில் நிறம் தருவது மெலனின், அதை உடம்பே செய்துகொள்கிறது. சிவப்பு, நீலம், பழுப்பு என்ற மூன்று அடிப்படை நிறங்களில் எது என்பதை ஒரே மரபணு தீர்மானிக்கிறது. கழுத்தில் பச்சையும் ஊதாவுமாக மின்னுகிறதே, அது நிறமியே இல்லை. மழை நாளில் தெருவில் சிந்திய பெட்ரோல் வானவில் காட்டுவதைப்போல, நுண்ணிழையின் மேல் படிந்த மெல்லிய கெரட்டின் ஏட்டில் ஒளி பட்டு எழுப்பும் ஜாலம். கோணம் மாறினால் பச்சை ஊதாவாகும். ஏடு ஒரே சீராக அமைந்தால்தான் மின்னும். ஆக அதுவும் ஆடி, ஆவணித் தீனியின் கணக்கில்தான் வந்து சேர்கிறது.

தலைக் கொண்டையும், நிறத்தைப்போலவே, தீனியால் வருவதல்ல. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்து மைக்கேல் ஷபீரோவின் குழு 2013இல் புறாவின் மரபுத்தொகுதியை வாசித்து வெளியிட்டது. கொண்டை உள்ள பல இனங்களுக்கும் பொதுவாக ஒரே மரபணுவில் ஒரே மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். கருவில் இருக்கும்போதே கழுத்திறகுகள் மேல்நோக்கித் திரும்பிவிடுகின்றன. காலில் இறகு முளைக்கும் ‘பூட்ஸ்’ புறாக்களிலோ, கால் வளரும் இடத்தில் சிறகுக்குரிய மரபணுக் கட்டளை கொஞ்சம் கசிந்துவிடுகிறது. இவை பிறப்போடு வருபவை. கூண்டுக்காரர் செய்யக்கூடியது, பிறப்பு கொடுத்ததைக் கெடாமல் வெளியே கொண்டுவருவதுதான்.

வெள்ளைப் புறாவை நண்பர் கீழே விட்டார். மார்பை நிமிர்த்தி, தலையைப் பின்னுக்கு இழுத்து, வாலை முழு வட்டமாக விரித்துக்கொண்டு நின்றது. கழுத்து மட்டும் மெல்ல நடுங்கியது. சாதாரணப் புறாவுக்கு வாலில் பன்னிரண்டு இறகு. மயில்புறாவுக்கு முப்பது, நாற்பது. வடக்கே இதை லக்கா என்பார்கள். அக்பரின் அரண்மனைப் புறாக்களைப் பற்றி அபுல் ஃபசல் ஆயின்-இ-அக்பரியில் எழுதியபோது லக்காவும் அதில் இடம்பெற்றது. புறா விடுவதற்கு அக்பர் வைத்திருந்த பெயர் இஷ்க்பாஸி, காதல் விளையாட்டு. அரசவை எங்கே நகர்ந்தாலும் இருபதாயிரம் புறா கூடவே போயிற்றாம்.

இந்தச் செய்தியை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் சார்லஸ் டார்வின். உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவரது 1859ஆம் ஆண்டுப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் பெரும்பங்கு புறாவுக்குத்தான். சிங்கத்தையோ திமிங்கிலத்தையோ அவர் முதலில் நிறுத்தவில்லை. கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்த்த ஓர் ஆங்கிலப் பத்திரிகையாசிரியர், மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் புறாவைப் பற்றி மட்டும் எழுதினால் எல்லோரும் வாங்குவார்களே என்று யோசனை சொன்னார். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அன்றைய இங்கிலாந்தில் புறா மோகம் அப்படி. டார்வினே லண்டனில் இரண்டு புறாச் சங்கங்களில் சேர்ந்து, கிடைத்த இனங்களையெல்லாம் வீட்டில் வளர்த்தார்.

அந்தப் புத்தகத்துக்குச் சென்னைத் தொடர்பும் உண்டு. சென்னை ராஜதானியில் உயர் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட்டை, அமராவதிச் சிற்பங்களைத் தோண்டி எடுத்தவர் என்று வரலாற்றுக்காரர்களுக்குத் தெரியும். 1856 தொடக்கத்தில் டார்வின் அவருக்கு எழுதி, இந்தியப் புறாக்களின் தோல்களைக் கேட்டார். எலியட் அனுப்பினார். 1770இல் பாரசீக மொழியில் எழுதப்பட்ட ஒரு புறா நூலும் எலியட்டின் தயவால் டார்வினுக்குக் கிடைத்தது. தமக்குப் புறாத் தோல் அனுப்பி உதவியவர்களில் எலியட்டின் பெயரை 1859 நூலிலேயே குறிப்பிட்டு டார்வின் நன்றி சொல்லியிருக்கிறார். பரிணாமக் கொள்கையின் அஸ்திவாரத்தில் சென்னையிலிருந்து கப்பலேறிய சில புறாத் தோல்களும் கிடக்கின்றன என்பது நம் பள்ளிப் பாடங்களில் ஏனோ வருவதில்லை.

மயில்புறாவைப் பற்றி டார்வின் கண்ட ஒரு விஷயம் ஷோக்காரர்களுக்கு நேரடியாக உதவும். பெரும்பாலான பறவைகளுக்கு வாலின் அடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கும்; அலகால் எடுத்து இறகில் பூசிக்கொள்ளும். மயில்புறாவுக்கு அந்தச் சுரப்பி இல்லை. மற்றப் புறாக்களுக்கும் அது சிறியதுதான். பதிலாகப் புறாவுக்கு வேறு ஏற்பாடு: சில இறகுகளிலிருந்து மாவு போன்ற கெரட்டின் துகள் ஓயாமல் உதிர்ந்து உடல் முழுக்கப் பரவுகிறது. புறாவைப் பிடித்துவிட்டுக் கையைப் பார்த்தால் வெள்ளைப் பவுடர் ஒட்டியிருக்கும். இறகுக்குத் தண்ணீர் ஒட்டாமல் காப்பதும், பட்டுப்போன்ற மிருதுவைத் தருவதும் அந்தப் பவுடர்.

ஷோவுக்கு முந்தின நாள் புறாவைக் குளிப்பாட்டுவது தப்பு என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுதான். குளித்த தொட்டியில் பாலாடை மாதிரி மிதப்பது அத்தனையும் பவுடர். அது மறுபடி ஊறி வர இரண்டு மூன்று நாள் வேண்டும். வாரத்துக்கு இரண்டு குளியல், அகலத் தட்டில் நான்கு விரல் ஆழத் தண்ணீர், ஷோவுக்கு மூன்று நாள் முன்பு கடைசிக் குளியல். இதுவே நண்பரின் முறை. வெள்ளைப் புறாவுக்குச் சொட்டு நீலம் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேட்டிக்குப் போடுங்கள். சாயம், நீலம், கத்தரித்த இறகு எதைக் கண்டாலும் நல்ல நடுவர் பறவையை ஒதுக்கிவிடுவார்.

அலகைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலலகின் நுனி கீழலகைத் தாண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளைந்து நிற்கும். பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று சிலர் அதை ராவிவிடுகிறார்கள். அந்தச் சின்ன வளைவுதான் பேனைக் கொல்லும் ஆயுதம். புறாவின் சிறகிழைகளுக்கு நடுவே ஊசிபோல ஒல்லியான ஒரு பேன் வாழ்கிறது. கொலம்பிகோலா என்பது அதன் பெயர். இறகுத் துணுக்கைத் தின்று வாழும். யூட்டாவில் டேல் கிளேட்டனும் சகாக்களும் புறாக்களின் அலகு வளைவை மட்டும் சீவிவிட்டுப் பார்த்தார்கள். அலகு முன்போலவே தீனி பொறுக்கியது. பேன் மட்டும் பெருகித் தள்ளியது. கீழலகு முன்னே நகரும்போது வளைவில் சிக்கிய பேன் நசுங்க வேண்டும். வளைவு இல்லையென்றால் சிக்குவதில்லை. இன்னொரு சோதனையில் வெள்ளைப் புறாவிலும் கறுப்புப் புறாவிலும் நான்கு ஆண்டுகள் பேனை வளர்த்தார்கள். ஏறத்தாழ அறுபது தலைமுறைக்குள், வெள்ளைப் புறாவில் இருந்த பேன் வெளுத்தது. கண்ணில் பட்டது அலகுக்கு இரையாயிற்று, படாதது பெற்றுப் பெருகியது. டார்வின் புறாவில் தேடியது புறாவின் பேனிலும் இருந்திருக்கிறது! வளர்ந்து கோணிய அலகைத் திருத்தத்தான் வேண்டும். நேராக இருப்பதை அழகுக்காகத் தொடாமல் இருப்பது நல்லது.

இறகு ஆயிற்று, மிச்சம் கால் பங்கு, பழக்கம். கடைசிப் பதினைந்து நாளில் நிஜமாகவே செய்ய முடிந்த வேலை இது ஒன்றே. எவ்வளவு அழகான புறாவானாலும் ஷோ கூண்டில் மூலையில் ஒடுங்கி மூச்சிரைத்தால் நடுவர் நகர்ந்துவிடுவார். நண்பர் தினமும் அந்தியில் அரைமணி நேரம் அதைச் சின்னக் கூண்டில் விடுவார். கூண்டைக் கண்மட்டத்தில் வைப்பார். மேலே இருந்து வரும் நிழல் புறாவுக்குப் பருந்து. வெவ்வேறு சட்டை போட்டவர்களை வரச் சொல்வார். மெல்லிய குச்சியால் மார்பைத் தொடுவார். நிமிர்ந்து வாலை விரித்த அந்த நொடியில் உடைத்த வேர்க்கடலை ஒரு துண்டு. நொடி தப்பினால் பயனில்லை. கடலை எதற்காக வந்தது என்று பறவைக்குத் தெரியாது.

இந்த விதியை ஆய்வுக்கூடத்தில் காட்டியதில் புறாவுக்கும் பங்கு உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் வாழ்நாளில் பெரும்பகுதியைப் புறாவோடு கழித்தவர். 1948இல் அவர் வெளியிட்ட சோதனை ஒன்று வேடிக்கையானது. பசித்த புறாக்களைத் தனித்தனிப் பெட்டியில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி வரும்படி கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். எட்டில் ஆறு புறா ஆளுக்கொரு சடங்கைக் கற்றுக்கொண்டது. ஒன்று இடமாகச் சுற்றியது. ஒன்று மூலையில் தலையை முட்டியது. தற்செயலாகத் தீனி வந்தபோது எதைச் செய்துகொண்டிருந்ததோ, அதனால்தான் தீனி வந்தது என்று பிடித்துக்கொண்டதாக ஸ்கின்னர் விளக்கினார். 1971இல் ஸ்டாடனும் சிமெல்ஹாகும் திரும்பச் செய்து பார்த்து, அந்த அசைவுகளில் பல தீனியை எதிர்பார்க்கும் புறாவின் இயல்புதான் என்று சொன்னார்கள். சண்டை முடியவில்லை.

எனக்கு அந்தச் சோதனை புறாக்காரர்களைப் பற்றியது என்றே படுகிறது. ஷோவுக்கு முந்தின இரவு இரண்டு மிளகும் ஒரு பூண்டுப்பல்லும் கொடுத்தார் ஒருவர், மறுநாள் பரிசு. அதன்பிறகு மிளகு இல்லாமல் அவர் ஷோவுக்குப் போவதில்லை. இன்னொருவருக்கு வெற்றிலைச் சாறு. இன்னொருவர் பரிசு வாங்கிய சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போகிறார். இதை நண்பரிடம் சொன்னேன். “சட்டை வேணா சும்மாண்ணே, மிளகு அப்படியில்ல” என்றார்.

கும்பகோணத்தில் புறா வளர்ப்பவருக்குப் பூனையைவிடப் பெரிய பகை ஐப்பசி, கார்த்திகை. இறகு மாற்றம் முடியும் தறுவாயில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். மூட்டையில் ஈரம் ஏறிய மக்காச்சோளத்திலும் வேர்க்கடலையிலும் பூஞ்சணம் பூக்கும். அது விடும் அஃப்ளடாக்சின் கல்லீரலைத் தாக்கும். பச்சையாகத் தூசு படிந்த தானியத்தைக் கழுவிக் காயவைத்தாலும் நஞ்சு போகாது, கொட்டிவிட வேண்டியதுதான். நனைந்த தரையில் எச்சம் ஊறினால் வயிற்றுப்போக்கு நோய்கள் பரவும். கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் தரும் ராணிக்கெட் வைரஸின் புறா வகை ஒன்று இருக்கிறது. அது வந்த புறா கழுத்தை முறுக்கிக்கொண்டு, தானியத்தைக் குறிபார்த்துக் கொத்தத் தெரியாமல் தவிக்கும். பல ஊர்ப் புறாக்கள் ஒரே கூரையின் கீழ் வரிசைக் கூண்டில் நிற்கும் ஷோ அதற்கு நல்ல வாய்ப்பு. பல வாரங்களுக்கு முன்பே தடுப்பூசி, திரும்பி வந்த பறவைக்குக் குறைந்தது இரண்டு வாரம் தனிக் கூண்டு. கோப்பையோடு வந்த பறவைக்கும் இதில் சலுகை இல்லை.

அந்த வெள்ளைப் பவுடர் மனிதனையும் விடுவதில்லை. அதிலும் எச்சத்தூசியிலும் உள்ள புரதங்களை ஆண்டுக்கணக்கில் மூச்சில் இழுப்பவர்களில் சிலருக்கு நுரையீரல் ஒவ்வாமை வருகிறது. மருத்துவ நூல்களில் இதற்குப் புறா வளர்ப்போர் நுரையீரல் நோய் என்றே பெயர். கூண்டைச் சுத்தம்செய்த நான்கைந்து மணி நேரம் கழித்துக் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு. சளி என்று விட்டுவிட்டால் நுரையீரலில் தழும்பு விழுந்து நிரந்தரமாகிவிடும். முகக்கவசம், காற்றோட்டம், கூட்டும் முன் தரையில் லேசாகத் தண்ணீர் தெளித்தல், இருமல் வந்தால் ‘வீட்டில் புறா இருக்கிறது’ என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது. நண்பர் முதல் மூன்றையும் செய்கிறார். நான்காவதைச் செய்தாரா என்று அவர் வீட்டம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

வெயில் ஏறிவிட்டது. காபி வந்தது. தூரத்துக் கோபுரத்திலிருந்து மாடப்புறாக்கள் கூட்டமாகக் கிளம்பி வயல் பக்கம் போயின. நீலச் சாம்பல் உடல், சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை, ஒன்றுபோல ஒன்று. டார்வின் தம் தோட்டத்தில் செய்த ஒரு காரியம் நினைவுக்கு வந்தது. முழு வெள்ளை மயில்புறாவையும் முழுக் கறுப்பு ‘பார்ப்’ இனப் புறாவையும் சேர்த்தார். பிறந்தவை கறுப்பும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தன. அவற்றைத் தங்களுக்குள் சேர்த்தபோது பேரப்பிள்ளைகளில் ஒன்று நீலமாக, சிறகில் இரண்டு கறுப்புப் பட்டையோடு வந்து நின்றது. பல நூறு ஆண்டு மனிதன் தேர்ந்தெடுத்துச் செதுக்கியதெல்லாம் இரண்டே தலைமுறையில் கலைந்து, மூதாதையான பாறைப்புறா எட்டிப் பார்த்துவிட்டது.

இதைச் சொன்னதும் நண்பர் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றார். எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு நீலப்புறா தனியாக உட்கார்ந்திருந்தது. பட்டை இரண்டும் இருந்தன. வால் மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அகலம்.

“மூணு வருசம் முன்னாடி ஒரு லக்கா ஆண் கூண்டுலேர்ந்து தப்பிச்சுப் போச்சுண்ணே” என்றார். “அதைப் பிடிச்சு வாலை எண்ணிப் பாருங்க. பதினாலாவது இருக்கும்.”